ஒரு போன் போதும் என்று நினைத்த காலம்

சந்தியில் லைசென்ஸ் இல்லாமல் கடை போட்டிருந்த தோசை அக்காவின் கேஸ் தோங்கை (சிலிண்டரை) ஊராட்சி மன்ற அமலாக்கப் பிரிவினர் லோரியில் ஏற்றிக்கொண்டு போன இரவு, மணி எட்டே முக்கால் இருக்கும். நான் குளித்துவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அக்கா போனில் அழவில்லை. "தம்பி, ரெண்டு வாளி மாவு கெடக்கு. விடிஞ்சா புளிச்சுப் போயிடும்" என்றார், அவ்வளவுதான். அழுதிருந்தாலாவது ஆறுதல் சொல்லிவிட்டு யோசித்திருப்பேன். மாவு புளிக்கும் என்று கேட்டதும் கை தானாக அமலாக்க அதிகாரியின் எண்ணைத் தட்டிவிட்டது.

நான் அந்த ஊராட்சி மன்றத்தின் உறுப்பினராகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த எண்ணை யாரோ ஒருவர் "வச்சுக்குங்க, உதவும்" என்று முதல் வாரத்திலேயே கொடுத்திருந்தார். அதிகாரி மறுபேச்சுப் பேசவில்லை. இருபது நிமிடத்தில் கேஸ் தோங், இரண்டு மேசை, குடை, அடுப்பு எல்லாம் அதே லோரியில் திரும்பி வந்து இறங்கின. கொம்பவுன் (அபராதம்) கிடையாது. மறுநாள் காலை தூக்குச்சட்டியில் சாம்பாரும் பத்துத் தோசையும் வீட்டு வாசலில் இருந்தன. சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து இரவுச் சந்தையில் பீசாங் கோரேங் (பொரித்த வாழைப்பழம்) வாங்கப் போனேன். அந்த மலாய் அம்மாவின் அடுப்பையும் அதே இரவு, அதே லோரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவர் கொம்பவுன் கட்டி, மூன்று நாள் வியாபாரத்தை இழந்து, சாமானை மீட்டிருக்கிறார். கோபமே இல்லாமல், பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: "உங்கள் ஆட்களுக்கு ஒரு போன் போதும், இல்லையா?" மூன்று வெள்ளி (ரிங்கிட்) பொட்டலம். வீட்டுக்கு வந்து யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். நான்தான் தொடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்த மாதக் கடைசியில்தான் தெரிந்தது, லோரியில் வந்த இளம் அமலாக்க ஊழியருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது என்று. பறிமுதல் பாரத்தில் (படிவத்தில்) ஏழு சாமான் எழுதியிருக்கிறார். ஸ்டோரில் ஒன்றுகூட இல்லை. விடுவிக்கச் சொன்ன மேலதிகாரி வாயால்தான் சொன்னார், எழுத்தில் எதுவும் இல்லை. என் பேர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. கல்யாணம் நிச்சயமாகியிருந்த பையன். அவன் மாட்டிக்கொண்டான்.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் அந்தப் பையன் யார், நான் யார் என்று எல்லாம் தெரிந்துபோகும். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம் (ரப்பர்), இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் பாதிக்கு மேல் மலிவு வீட்டுத் தாமான்களுக்கு (குடியிருப்புகளுக்கு) வந்துவிட்டார்கள். நான் பிறந்ததும் லயத்தில்தான். அப்பா வெட்டு மண்டோர் (பால்வெட்டுக் கங்காணி).

உறுப்பினர் பதவி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் எனக்கு ஓட்டுப் போடவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, அக்தா (சட்டம்) 171 என்றால்தான் இங்கே பலருக்குத் தெரியும், தலைவரைத் தவிர எட்டுப் பேருக்குக் குறையாமல் இருபத்து நான்கு பேருக்கு மேற்படாமல் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு நியமனம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் கட்சிக் கிளை ஒரு பட்டியல் கொடுக்கும், மேலிருந்து கடிதம் வரும், அடுத்த முறை வராமலும் போகும். இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் என்று ஒன்று நடந்தது என்பதே என் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1965இல் இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில் அதை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் விசாரித்துவிட்டு, தேர்தல் திரும்ப வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. (நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மாளின் கணவர் என்று சொன்னால்தான் எங்கள் பெரியவர்களுக்கு ஆள் பிடிபடும்.) 1976 சட்டம் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. கடிதத்தில் வந்தவனுக்குக் கண் எப்போதும் கடிதம் கொடுத்தவர் பக்கம்தான் போகும். எனக்கும் போனது.

இதில் இன்னொரு வேடிக்கை, ஒய்.பி. (யாங் பெர்ஹோர்மாட், மாண்புமிகு) என்ற பட்டம். சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும்தான் ஒய்.பி. மன்ற உறுப்பினருக்கு அது கிடையாது. ஆனால் கோயில் திருவிழாவில் மாலை போட்டுவிட்டால் எல்லாரும் ஒய்.பி.தான். முதல் இரண்டு தடவை திருத்தினேன். மூன்றாவது தடவை திருத்தவில்லை. நாற்காலியைப் பற்றிய என் குழப்பம் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது படுகிறது.

விளக்கக் கடிதம் விஷயம் தெரிந்ததும் நேராக மன்றச் செயலாளரிடம் போனேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மலாய் அம்மா. அந்தப் பையனைக் காப்பாற்ற வேண்டும் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இதற்கும் போன் செய்யப் போகிறீர்களா, எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். அன்றிரவு நான்தான் அழைத்தேன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையனுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. எனக்குத் தலைவர் அறையில் பதினைந்து நிமிடம். அது போதும்.

அன்று செயலாளர் அம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். தோட்டத்தில் விடியற்காலை பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) ஆள் பார்ப்பவர் மண்டோர். செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) எழுதுபவர் கிராணி (எழுத்தர்). கையெழுத்துப் போடுபவர் துரை. சம்பள நாளில் மூன்று பேரும் இருப்பார்கள். அப்பா சொல்வார்: ஒரு தோட்டத்தில் கிராணியே ஆளும் பார்த்து, செக்ரோலும் எழுதி, காசும் எண்ணிக் கொடுத்தாராம். செத்துப்போன கிழவர் ஒருவர் எட்டு மாதம் பால் வெட்டினாராம். மன்றமும் அப்படித்தான். உறுப்பினர்கள் கூடி, குழுக்களில் பேசி, வரவு செலவையும் கொள்கையையும் முடிவு செய்கிறார்கள். அதை நடத்துவது அதிகாரிகள். சட்டத்தை மீறியவர் யார், யார் சாமானை எடுப்பது, யாருக்குக் கொம்பவுன் என்பது அமலாக்க அதிகாரி தன் கையெழுத்தில் எடுக்கும் முடிவு. நான் போன் செய்தபோது பெரட்டு, செக்ரோல், சம்பளம் மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டேன்.

சரி, தோசை அக்காவுக்கு நான் என்னதான் செய்திருக்கலாம்? நிறைய. கொம்பவுனைக் குறைக்கச் சொல்லித் தலைவருக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுத உதவியிருக்கலாம், அது யாருக்கும் உள்ள உரிமை. லைசென்ஸ் எடுக்க உட்காரவைத்து பாரம் நிரப்பியிருக்கலாம். உணவு கையாள்பவர் பயிற்சி, டைபாய்டு ஊசி, படம், அடையாள அட்டை நகல், அவ்வளவுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அக்காவிடம் ஊசி போட்ட அட்டை ஏற்கெனவே இருந்தது, அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால்! பயிற்சிக்கு மட்டும் ஒரு நாள் போக வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சந்தியில் கடை போட இடமே ஒதுக்கவில்லை என்பதை லைசென்ஸ் குழுவில் நான் பேசியிருக்க வேண்டும். என் நாற்காலி இருந்தது அந்த அறையில்தான். பிறகு பேசினேன். ஏழு மாதம் ஆனது. பதினொரு கடைக்குக் கோடு போட்டு இடம் கொடுத்தார்கள், அக்காவுக்கும் அந்த பீசாங் கோரேங் அம்மாவுக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். குலுக்கலில் அப்படி விழுந்தது, நான் எதுவும் சொல்லவில்லை. சத்தியமாக.

இவ்வளவு பட்டும் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த தவறு இதைவிடப் பெரியது.

எங்கள் தாமானின் கடைசி வரிசை வீடுகளில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும். அக்டோபர், நவம்பரில் சாயங்கால மழை இரண்டு மணி நேரம் பிடித்தால் போதும், முழங்கால் வரை வரும். அந்த வரிசையில் ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒரு பாட்டி இருக்கிறார். ஒவ்வொரு முறையும் தண்ணீர் நின்ற உயரத்தை வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு போட்டுத் தேதி எழுதிவைப்பார். கோடுகள் நான்கு இருந்தன. ஐந்தாவது கோடு மின்விசிறி சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை, காட்டினார்.

அந்தத் தண்ணீர் வரும் வழியை விளக்கினால்தான் மீதி புரியும். செம்பனைத் தோட்டத்துக்குள் வெட்டிய பாரிட் (வாய்க்கால்) வழியாக இறங்கி, பெரிய ரோட்டுக்கு அடியில் குழாய்க்குள் புகுந்து, தாமான் கால்வாயில் விழுந்து, கடைசியில் ஆற்றில் சேர்கிறது. தோட்டத்துக்குள் இருப்பது தனியார் சொத்து. பெரிய ரோடும் அதன் அடியில் உள்ள குழாயும் பொதுப்பணித் துறை, அதாவது ஜேகேஆர். தாமான் கால்வாய் மன்றத்தினுடையது. ஆறு வடிகால் நீர்ப்பாசனத் துறை, ஜேபிஎஸ். நானூறு மீட்டருக்குள் நான்கு எசமான்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒவ்வொருவரும் மற்ற மூவரைக் காட்டினார்கள். அதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல்.

அப்போது ஒரு குத்தகையாளர் நண்பர், "அண்ணே, ஞாயித்துக்கெழம மெசின் சும்மாதான் நிக்கிது. காலைல வந்து ஒரு இழு இழுத்துவிட்டா முடிஞ்சுபோச்சு. காசெல்லாம் வேணாம், நம்ம சனத்துக்குத்தானே" என்றார். ஜேகேஆருக்குத் தெரியாது, மன்றத்துக்குத் தெரியாது. எனக்குப் பாட்டியின் சுவர் மட்டும் தெரிந்தது. சரி என்றேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு பேக்கோ (மண் வாரும் மெசின்) வந்தது. பத்தரைக்குக் கால்வாய் ஆழமாகிவிட்டது, எல்லாரும் கைதட்டினார்கள், யாரோ சிராப் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார்கள். பத்தே முக்காலுக்கு மெசினின் பல் மண்ணுக்குள் எதிலோ இடித்தது. முதலில் சேற்றுத் தண்ணீர் என்றுதான் நினைத்தோம். பிறகு வெள்ளையாகப் பீறிட்டது. தண்ணீர் வாரியத்தின் பிரதான குழாய். அறுபது வீட்டுக்கு இரண்டரை நாள் தண்ணீர் இல்லை. வாரியத்திலிருந்து வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "வேலை உத்தரவு எங்கே?" கீழே எந்தக் குழாய் எந்தக் கம்பி போகிறது என்று வரைபடம் கேட்டுத்தான் தோண்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த அதிகாரி எங்கள் மன்றத்திலேயே இருந்தார். அவரைக் கேட்காமல் போனதுதானே இதன் அழகு.

அது மட்டுமா? அடுத்த மழையில் எங்கள் தாமானில் தண்ணீர் சீக்கிரம் வடிந்தது. வடிந்த தண்ணீர் கீழே இருக்கும் கம்போங்கில் (கிராமத்தில்) நாலு வீட்டுக்குள் போனது. முன்பு அங்கே ஏறியதே இல்லை. கால்வாயை ஆழப்படுத்தினால் தண்ணீர் காணாமல் போகாது, வேகமாக அடுத்தவன் வீட்டுக்குப் போகும். இதை ஜேபிஎஸ் பொறியாளர் பிறகு மணலில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார்.

குழாய் பழுதுபார்த்த செலவை நண்பரே கட்டினார். எவ்வளவு என்று கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாத தொகைதான் ஆபத்து. மூன்று மாதம் கழித்து மன்றத்தில் நடைபாதை வேலை ஒன்று விலைப்புள்ளிக்கு வந்தபோது, கோப்பிக் கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு நான் கணக்குப் பாக்கலண்ணே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கோப்பிக்கு நான் காசு கொடுத்தேன், என்னால் முடிந்தது அதுதான். அந்த வேலை சம்பந்தமான கூட்டத்தில், இவர் எனக்கு வேண்டியவர், நான் பேசப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு எங்கள் நட்பு பழைய மாதிரி இல்லை. இலவசம் என்று எந்தக் குத்தகையாளராவது சொன்னால், அன்றைய விலை என்ன என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மாட்டார். அப்போது விடை கிடைத்துவிடும்.

குழாய் உடைந்த வாரம் செயலாளர் அம்மா என்னைத் திட்டவில்லை. கோலாலம்பூர் அருகே இருந்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி பற்றிப் பேசினார். 1993 டிசம்பர் 11 அன்று அந்த அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த மலைச்சரிவின் வடிகாலும் தடுப்புச்சுவரும் யார் பொறுப்பு என்று வழக்கு வருடக்கணக்காக ஓடியது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பு தருகிறது என்று தீர்ப்பளித்தது. "சட்டம் மன்றத்தைக் காப்பாற்றலாம் துவான் (ஐயா). ஞாயிற்றுக்கிழமை மெசின் கொண்டுவந்த உறுப்பினரைக் காப்பாற்றுமா என்று எனக்குத் தெரியாது" என்றார்.

பிறகு அந்தக் கால்வாயை ஒழுங்காகச் செய்தோம். ஐந்து மாதம் பிடித்தது. பாட்டியின் சுவரைப் படம் எடுத்தேன், ஐந்து கோடும் ஐந்து தேதியும் தெளிவாகத் தெரியும்படி. அதைவிட நல்ல சாட்சி எந்த ஆலோசகரும் கொடுத்திருக்க முடியாது. நான்கு பேருக்கும் நான்கு கடிதம் எழுதுவதை நிறுத்தினேன். ஒரே கடிதம், கீழே நான்கு பேருக்கும் நகல். அப்படி எழுதினால் "அது அவர்கள் வேலை" என்று ஒருவர் சொல்வதை மற்ற மூவரும் படிப்பார்கள். ஒவ்வொரு பதிலின் மேற்கோள் எண்ணையும் அடுத்த கடிதத்தில் போட்டேன். கூட்டு நேரடிப் பார்வை வேண்டும் என்று மன்றம் வழியாகவே கேட்டேன். ஒரு புதன்கிழமை தோட்ட மேனேஜர், ஜேகேஆர், ஜேபிஎஸ், எங்கள் பொறியியல் பிரிவு, எல்லாரும் ஒரே இடத்தில் நின்றார்கள். ரோட்டு அடிக் குழாயில் ஒரு பழைய மெத்தை, மட்டைகள், பாதி உயரத்துக்கு மணல். தோட்டத்துப் பாரிட்டில் மண் தேங்கும் குழியைப் பல வருடமாக யாரும் வாரவில்லை. அரைமணி நேரத்தில் யார் எதைச் செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டி எல்லாருக்கும் தே-ஓ (பால் இல்லாத தேநீர்) கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு கோடு போட்டிருக்கிறார், கணுக்கால் உயரத்தில்.

தோட்டப்புறத்தில் இந்த எல்லைக் குழப்பம் எல்லாவற்றிலும் உண்டு. லயத்தில் கூரை ஒழுகுகிறது, கழிவறை உடைந்துவிட்டது என்று என்னிடம் வருவார்கள். மன்ற லோரியை அங்கே அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. தொழிலாளர் குடியிருப்பு முதலாளியின் பொறுப்பு, 1990ஆம் ஆண்டுச் சட்டம், அக்தா 446. புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. தோட்ட ரோட்டில் குழி என்பார்கள். அந்த ரோடு மாரிஸ் என்ற அரசுச் சாலைப் பதிவேட்டில் இல்லையென்றால் பராமரிப்புக் காசு வராது. குப்பை மட்டும் பேராக்கில் மன்றத்தின் வேலை. நெகிரி செம்பிலானில், பஹாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் இதைக் கேட்டுச் சிரிப்பான். அங்கே 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது, குப்பை மன்றத்தின் கையைவிட்டுப் போய்விட்டது. மதிப்பீட்டு வரி மன்றத்துக்கு, நிலவரி நில அலுவலகத்துக்கு. இரண்டையும் கட்டிய ரசீதோடு வந்து "எல்லாம் கட்டியாச்சு, அப்புறம் ஏன் லைட்டு எரியல?" என்று கேட்பவரிடம் இவ்வளவும் விளக்க முடியாது. ஆனால் எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க முடியும். "என் வேலை இல்லை" என்று சொல்வதற்கும், யார் வேலை என்று சொல்லிக் கூடவே போய் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இப்போது மச்சான் கதை. வீட்டில் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சாலையோரப் புல்வெட்டு வேலைக்கு வந்த விலைப்புள்ளிகளின் பட்டியல் ஒரு குழுக் கூட்டத்தில் மேசைக்கு வந்தது. ஆறாவது வரியில் இருந்த நிறுவனம் என் மனைவியின் தம்பியுடையது. பேர் அவன் மனைவி பேரில். எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் விலை போட்டதை என்னிடம் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அதுவே நேர்மை. நானும் ஒரு கணக்குப் போட்டேன்: வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம், கை தூக்காமல் இருந்தால் போதும். தேநீர் இடைவேளையில் செயலாளர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "சும்மா இருப்பது போதாது. சொல்ல வேண்டும், மினிட்டில் (கூட்டக் குறிப்பில்) ஏற வேண்டும், நீங்கள் அறையில் இருக்கவும் கூடாது" என்றார்.

ஊராட்சிச் சட்டத்திலேயே அது இருக்கிறது. நேரடியாகவோ சுற்றுவழியாகவோ பண நலன் உள்ள உறுப்பினர் அதைக் கூட்டத்தில் வெளிப்படுத்த வேண்டும், விவாதத்திலும் வாக்கிலும் கலந்துகொள்ளக் கூடாது. 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் இன்னும் கடுமை. அதன் 23ஆவது பிரிவில், தனக்கோ உறவினருக்கோ நலன் உள்ள விஷயத்தில் முடிவெடுத்தாலே, பதவியைப் பயன்படுத்தினான் என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நாம். மச்சான் என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் உறவினர் யார் என்று விளக்கும் இடத்தில் மனைவியின் உடன்பிறந்தவர் என்று தெளிவாக இருக்கிறது. நம் சனத்துக்காகவே எழுதினார்களோ என்று தோன்றும்.

இடைவேளை முடிந்ததும் சொன்னேன், எழுந்து வெளியே போனேன். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குளிரூட்டிப் பக்கத்தில் நின்று, மீன்தொட்டியில் இருந்த ஒற்றை மீனைப் பார்த்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. வேலை வேறொருவருக்குப் போனது. மச்சானின் விலை மூன்றாவது இடம் என்று பிறகு அவனே கண்டுபிடித்தான். ஆனால் வீட்டில் பரவிய செய்தி வேறு: "மாமா வெளிய எழுந்து போயிட்டாரு, அதான் போச்சு." அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை. என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கமாகத் தம்பி வீட்டுக்கு என்று தனியாக எடுத்துவைக்கும் முறுக்கு டின்னை அந்த வருடமும் நிரப்பி, மேல் தட்டில் வைத்தாள். பொங்கல் வரை அது அங்கேயே இருந்தது.

ஆதரவுக் கடிதம், பரிசுக் கூடை இரண்டையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் யார் கேட்டாலும் மன்றச் சின்னம் போட்ட தாளில் ஆதரவுக் கடிதம் கொடுத்தேன், முத்திரையோடு. "இவருக்கு லைசென்ஸ் கொடுக்க ஆவன செய்யவும்" என்று எழுதினால், அதைப் படிக்கும் கீழ்நிலை அதிகாரிக்கு அது கட்டளை மாதிரிதான் இருக்கும். பிறகு எனக்குத் தெரிந்த உண்மையை மட்டும் எழுதத் தொடங்கினேன்: இவர் இந்த முகவரியில் இத்தனை வருடமாக இருக்கிறார். கேட்டு வருபவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். தீபாவளிக் கூடைகளை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "யாருக்குக் கொடுத்தீர்கள் என்று குத்தகையாளர் கேட்க மாட்டார். வாங்கினீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும்" என்று ஒரு கணக்குப் பிரிவு ஊழியர் சொன்னதும் அதையும் விட்டேன். ஒன்று மட்டும் எல்லா உறுப்பினருக்கும் தெரிய வேண்டும்: லஞ்சம் கொடுக்க யாராவது முன்வந்தால், வாங்காமல் விரட்டிவிட்டால் மட்டும் போதாது. அதே 2009 சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி புகார் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், பத்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். "நான் நல்லவன், விரட்டிட்டேன்" என்று கோப்பிக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எங்களில் பலர் உண்டு.

இன்னொன்று. முழு மன்றக் கூட்டம் சட்டப்படி பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது. மன்றம் தீர்மானம் போட்டால்தான் மூட முடியும். குழுக் கூட்டங்கள் அப்படியல்ல. நான் இருந்த காலம் முழுக்க, பின்னால் போட்ட நாற்காலிகளில் எங்கள் தாமானிலிருந்து ஒருவர்கூட வந்து உட்கார்ந்ததில்லை. இருநூறு பேர் கோயில் கூட்டத்துக்கு வருவார்கள். பாட்டி ஒருமுறை வருகிறேன் என்றார், மூட்டுவலி.

அடுத்த முறை எனக்குக் கடிதம் வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. எனக்குப் பின் வந்த இளைஞரிடம் கால்வாய்க் கோப்பை ஒப்படைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, குத்தகையாளர்ல யாரு நமக்கு நல்ல ஆளு?" என்று கேட்டார். கோப்பின் பதினேழாம் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் வாரியத்து பில்லைப் படிக்கச் சொன்னேன்.

மச்சான் இந்தப் பொங்கலுக்கு வந்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு. சாப்பிட்டு முடித்து, ஐந்தடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) காற்றாட உட்கார்ந்திருந்தபோது பையிலிருந்து ஒரு விலைப்புள்ளி ஆவணத்தை எடுத்தான். மலாயில் நாற்பது பக்கம். "இப்ப நீங்க வெறும் மாமாதானே, இதப் படிச்சு சொல்லலாம்ல?" என்றான். சொல்லலாம். உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொன்னேன், எங்கே கையெழுத்து, எந்தச் சான்றிதழை இணைக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் பெட்டியில் போட வேண்டும் என்று. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எவ்ளோ போட்டா மாமா கெடைக்கும்?" என்று கேட்டான். போன தடவைகளின் விலைகள் எனக்கு இன்னும் மனப்பாடம். உள்ளே பார்த்து, "தேத்தண்ணி ஆயிடுச்சாம்மா?" என்று குரல் கொடுத்தேன்.